அடி வாங்கிய பந்து

என் மேசையில் ஒரு பேஸ்பால் பந்து இருக்கிறது. போன கோடையில் நானும் மகனும் பிலடெல்பியாவில் ஒரு ஆட்டம் பார்க்கப் போயிருந்தோம். ஐந்தாவது இன்னிங்ஸில் மூன்றாம் பேஸ் பக்கமாக, ஆட்டக்கோட்டுக்கு வெளியே போன ஒரு ஃபவுல் பந்து வலைக்கு மேலே ஏறி, வளைந்து வந்து, எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் கான்கிரீட் படியின் விளிம்பில் மோதி எகிறியது. நாலு பேர் கையை நீட்டினார்கள். யாருக்கும் சிக்காமல் உருண்டு வந்து இவன் ஷூவில் முட்டி நின்றது. அன்றைக்கு ராத்திரி நியூ ஜெர்ஸிக்குத் திரும்பி வரும் வழி முழுக்க அவன் அதைக் கீழே வைக்கவே இல்லை, தூங்கும்போதும் கையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வருகிறவர்கள் அதை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். பார்த்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "பேட்ல பட்டுக் கிழிஞ்சிருச்சா?" தோலில் ஒரு இடம் விரல்நகம் அளவுக்குப் பிய்ந்து சின்ன மடலாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அதைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். அது படி செய்த வேலை. மட்டை பட்ட இடம் பந்தின் மறுபக்கத்தில் இருக்கிறது: கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் தீற்றல். கறுப்பு மட்டையின் பூச்சு ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் அங்கே எதுவும் நடந்ததாகவே தெரியாது.

எனக்கு இது பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. வானத்திலிருந்து விழுந்த பந்து படியில் மோதிய அடியைவிட மட்டை கொடுத்த அடி பல மடங்கு பெரியது. ஆனால் பெரிய அடி ஒரு கறையை மட்டும் விட்டிருக்கிறது, சின்ன அடி தோலையே பிய்த்திருக்கிறது. அப்படியென்றால் அந்தப் பெரிய அடி எங்கே போனது?

சரி, முதலில் கணக்கு. அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீக்கின் விதிப்படி பந்தின் எடை 5 முதல் 5¼ அவுன்ஸ், நம் கணக்கில் 142 முதல் 149 கிராம். எங்கள் பந்தைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 145 காட்டியது. பிட்சர் மணிக்கு 95 மைல் வேகத்தில் எறிந்து, பேட்டர் அதை 110 மைல் வேகத்தில் திருப்பி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்து ஒரு திசையில் வந்த வேகம் முழுவதையும் இழந்து எதிர்த்திசையில் அதைவிட அதிக வேகம் பெற வேண்டும், மொத்த மாற்றம் 205 மைல், அதாவது நொடிக்கு 92 மீட்டர். இவ்வளவும் நடந்து முடிய மட்டைக்கும் பந்துக்கும் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதில் முக்கால்வாசிதான். வகுத்துப் பார்த்தால் சராசரியாகவே ஏறக்குறைய 18,000 நியூட்டன் விசை வருகிறது. கிட்டத்தட்ட இரண்டு டன் பாரம். உச்சத்தில் மூன்று டன்னைத் தொடும். ஒரு காரைத் தூக்கி இந்த உருண்டையின் மேல் வைத்து, வைத்ததும் எடுத்துவிடுவது போல.

அதிவேகக் கேமராவில் எடுத்த படங்களைப் பார்த்தால்தான் இது உடம்பில் உறைக்கும். பந்து உருண்டையாகவே இருப்பதில்லை. சப்பாத்தி மாவு உருண்டையைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினால் எப்படிப் படியுமோ அப்படி மட்டையின் வளைவோடு படிந்து போகிறது. அடுத்த கணம் திமிறிக்கொண்டு பழைய வடிவத்துக்கு வந்து, போயே விடுகிறது. மட்டையும் சும்மா இருப்பதில்லை, அதுவும் ஒரு சாட்டை போல நெளிகிறது. நம் கண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது, காதுக்கு அந்த 'டக்' மட்டும் கேட்கும்.

அப்புறம் நடந்தது பந்துக்குள்ளே. நினைவுப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், பேட்டிங் பயிற்சியில் அடிபட்டு ஒதுக்கப்பட்ட ஒரு மேஜர் லீக் பந்தை வாங்கி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து அதைப் பிரித்தோம். சிவப்பு நூலைக் கத்தரித்தால் தோல் இரண்டு துண்டாகக் கழன்று வந்துவிடும், இரண்டும் ஒரே வடிவம், இடுப்பு ஒடுங்கிய எட்டு மாதிரி. உள்ளே நூல். வெளிச்சுற்று பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த மெல்லிய வெள்ளை நூல், 137 மீட்டர். அதற்குள் சாம்பல் நிறக் கம்பளி நூல் 48 மீட்டர். அதற்குள் வெள்ளைக் கம்பளி 41 மீட்டர். எல்லாவற்றுக்கும் உள்ளே மறுபடியும் சாம்பல் கம்பளி, கொஞ்சம் தடிமனானது, 110 மீட்டர். அட்டையில் சுற்றிச் சுற்றி எங்களுக்குக் கை வலித்துவிட்டது. கடைசியில் ஒரு பெரிய கோலிக்குண்டு அளவில் சிவப்பு ரப்பர் உருண்டை வந்தது, அதை அறுத்தால் கறுப்பு ரப்பர், நடுவில் தக்கை.

"அப்பா, உள்ள முழுக்க ஸ்வெட்டர்தான் இருக்கு" என்றான் மகன்.

அவன் சொன்னது சரி. பந்தின் பெரும்பகுதி ஸ்வெட்டர்தான். ஆட்டு ரோமத்துக்கு ஒரு குணம் உண்டு, நசுக்கினால் படியும், விட்டால் மெல்ல எழும்பும். அந்தக் குணத்துக்காகத்தான் இன்றைக்கும் கம்பளியை விடாமல் வைத்திருக்கிறார்கள். மூன்று டன் பாரம் வந்து விழும்போது தோல் தப்பித்துக்கொள்வதற்குக் காரணமும் இதுதான். தோல் தாங்குவதில்லை. தோல் வளைந்து கொடுக்கிறது, தாங்குவது உள்ளே இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் நூல். கான்கிரீட் படி அப்படியில்லை. அதன் விளிம்பு கூர்மையாக ஒரே இடத்தில் இறங்கும், பந்து சுழன்றுகொண்டே இருக்கும், தோல் அரைபட்டுப் பிய்யும். சிராய்ப்புக்கு வேகத்தைவிட விளிம்பும் சொரசொரப்பும்தான் முக்கியம் என்பது எனக்கு அந்த மடலைப் பார்த்துத்தான் புரிந்தது.

ஆனால் நூல் இலவசமாகத் தாங்குவதில்லை. மேஜர் லீக் பந்துக்கு ஒரு சோதனை உண்டு, மணிக்கு 58 மைல் வேகத்தில் ஒரு கெட்டியான சுவரில் மோதவிட்டு, திரும்பி வரும் வேகத்தை அளப்பார்கள். போன வேகத்தில் 51.4 முதல் 57.8 சதவீதம் வரை திரும்ப வர வேண்டும். கேட்க நல்ல எண்ணாகத் தெரியும். ஆற்றலாக மாற்றிப் பார்த்தால் போனதில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் திரும்பி வருகிறது. மீதி 70 சதவீதம் பந்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது, இழையோடு இழை உரசிச் சூடாகி அடங்குகிறது. வேகம் கூடக் கூட இந்த இழப்பும் கூடும். அதாவது ஒரு பந்தை எவ்வளவு பலமாக அடிக்கிறோமோ அவ்வளவு அதிகமான அடியை அது தனக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்கிறது. நான் தேடிய பெரிய அடி போன இடம் இதுதான்.

திரும்பத் திரும்ப இப்படி வாங்கினால் பந்து மெதுவாகும். நூல் சுற்றுகளின் இறுக்கம் தளரும், தையலோரம் தோல் லேசாகக் கழலும், உருண்டை கொஞ்சம் கொஞ்சமாக முட்டை வடிவத்துக்குப் போகும். பிறகு அதே அடிக்கு முன்பு போன தூரம் போகாது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் பொருள்களைச் சோதிப்பதற்கென்றே ஒரு ஆய்வகம் இருக்கிறது, அங்கே காற்றழுத்தப் பீரங்கியில் பந்தை வைத்துச் சுடுகிறார்கள். ஒரு பந்து எப்படித் துவளும் என்று பார்க்க அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால்.

இப்போது மைதானத்துக்கு வருவோம். இந்த ஆட்டத்தை முதன்முதலாகப் பார்க்கிற நம் ஆட்களுக்கு விநோதமாகப் படும் விஷயம் பந்தை மாற்றுகிற வேகம். பிட்சர் எறிந்த பந்து தரையில் ஒரு தடவை குத்திவிட்டு, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் கையுறைக்குள் போகிறது. அவர் அதை எடுத்து ஒரு திருப்பு திருப்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் நிற்கும் அம்பயரிடம் நீட்டுகிறார், இல்லை ஓரமாக ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்-அவுட் பக்கம் வீசிவிடுகிறார். அம்பயர் இடுப்புப் பையிலிருந்து புதுப் பந்து எடுத்துக் கொடுக்கிறார். பேட்டர் அடித்துத் தரையில் ஓடிய பந்து திரும்பி வந்தால் பிட்சரே கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம், வேறு கொடுங்கள் என்று தூக்கிப் போடுவார். ஒரு பந்தின் ஆட்ட ஆயுள் சராசரியாக ஏழு வீச்சுக்கும் குறைவு என்பது பேஸ்பால்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. டெஸ்ட் கிரிக்கெட்டில் 80 ஓவர், 480 பந்துவீச்சு, ஒரே பந்து. நான் அதைப் பார்த்து வளர்ந்தவன். பந்து தேயத் தேயத்தான் ஆட்டத்துக்கே ருசி ஏறும் என்று நம்பியவன். அதனால் முதல் சில வருடங்கள் இதை வெறும் ஊதாரித்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்பயர் என்ன பார்க்கிறார் என்று கவனியுங்கள். அமுக்கிப் பார்ப்பதில்லை. எடை போடுவதில்லை. தோலைப் பார்க்கிறார், அழுக்கு, கீறல், பிசிறு, கறை. ஆக, பிட்சர் எறிந்து மண்ணில் ஒரே ஒரு தடவை குத்திய பந்து, உள்ளே நூல் துளிக்கூட அசங்காத பந்து, வெளியே போகிறது. 105 மைல் வேகத்தில் நேராக, இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் கையுறைக்குள் போய் உட்கார்ந்த பந்து, உள்ளே அத்தனை அடியையும் வாங்கியது, தோல் சுத்தமாக இருந்தால் மறுபடியும் பிட்சர் கைக்கு வந்துவிடலாம். உள்காயத்துக்கு இங்கே மருத்துவர் கிடையாது. நல்லவேளையாக, உள்ளே சேதம் சேர்வதற்குள் வேறு ஏதாவது காரணத்துக்காகப் பந்து வெளியே போய்விடுகிறது. அந்த வேகமான மாற்றம்தான், யாரும் அப்படித் திட்டமிடாவிட்டாலும், பலமாக அடிபட்ட பந்துகளையும் சேர்த்துக் களைந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தோலுக்கு ஏன் இவ்வளவு கவனம்? இரண்டு காரணம். ஒன்று காற்று, இன்னொன்று ஒரு சாவு.

சாவை முதலில் சொல்கிறேன். 1920-க்கு முன்னால் ஒரு ஆட்டம் முழுவதையும் சில பந்துகளிலேயே ஓட்டிவிடுவார்கள். பார்வையாளர் பக்கம் போன பந்தைக் கேட்டு வாங்கித் திரும்ப உள்ளே போடுவார்கள். பிட்சர்கள் அதில் எச்சில் துப்புவார்கள், புகையிலைச் சாறு, மண், எண்ணெய், எது கையில் இருக்கிறதோ அதைத் தேய்ப்பார்கள். மாலைக்குள் பந்து நாம் பழைய துணியைச் சுருட்டிக் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படிப் பொதபொதவென்று, கறுத்து, கோணலாக இருக்கும். பலமாக அடித்தாலும் தூரம் போகாது. 1920-இலும் புதுப் பந்துக்கான செலவைப் பற்றி முதலாளிகள் முணுமுணுத்தார்கள், மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் தலைவர் பான் ஜான்சன் அம்பயர்களுக்கு ஒரு அறிவிப்பே அனுப்பினார், ஆபத்தான பந்துகளைத் தவிர மற்றவற்றை முடிந்தவரை ஆட்டத்தில் வைத்திருங்கள் என்று.

அந்த வருடம் ஆகஸ்ட் 16. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். கிளீவ்லாந்து அணியின் ஷார்ட்ஸ்டாப் ரே சாப்மன் அடிக்க நிற்கிறார், யாங்கீஸ் அணியின் கார்ல் மேஸ் எறிகிறார். மேஸ் குனிந்து, கை தரையை உரசுவது போலக் கீழிருந்து எறிகிறவர். அழுக்குப் பந்து, அந்தக் கோணம். சாப்மன் தலையை விலக்கவே இல்லை, பந்து அவர் கண்ணுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பந்து தலையில் பட்ட சத்தம் அவ்வளவு பலமாக இருந்ததால் மேஸ் அது மட்டையில் பட்டுத் திரும்பியது என்று நினைத்து, தன்னை நோக்கி உருண்டு வந்த பந்தைப் பொறுக்கி, அடித்தவரை அவுட்டாக்க முதல் பேஸுக்கு எறிந்தார். மறுநாள் விடிவதற்குள் சாப்மன் இறந்துவிட்டார். 29 வயது. மேஜர் லீக் ஆட்டத்தில் பட்ட அடியால் உயிர் போன ஒரே ஆட்டக்காரர் இன்றுவரை அவர்தான்.

அந்தச் சத்தத்தைப் பற்றி நான் பல தடவை யோசித்திருக்கிறேன். எலும்பில் பட்டதும் மரத்தில் பட்டதும் ஒன்றாகக் கேட்டிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அம்பயர்கள் அழுக்கான பந்தைத் தயங்காமல் மாற்ற ஆரம்பித்தார்கள். பந்தில் எச்சில் தடவி எறிவதை அந்த வருடத் தொடக்கத்திலேயே தடை செய்திருந்தார்கள், அதையே தொழிலாகக் கொண்ட சில பழைய பிட்சர்களுக்கு மட்டும் விலக்கு. வெள்ளையாக, கெட்டியாக, கண்ணுக்குத் தெரியும் பந்து கிடைத்ததும் அடிப்பவர்கள் கை ஓங்கிவிட்டது. அன்றைய பெரிய நட்சத்திரம் பேப் ரூத் 1919-இல் 29 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, எல்லையைத் தாண்டும் அடி) அடித்தவர், 1920-இல் 54 அடித்தார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு, அவர் பெரும்பாலும் பிட்சிங்கை விட்டுவிட்டு அடிப்பதிலேயே இறங்கியதும் அந்த நேரத்தில்தான். ஆனால் புதுப் பந்துக்கும் அதில் பங்கு இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பந்து ரசிகனுக்குச் சொந்தம் என்ற வழக்கமும் அதே காலத்தில்தான் உறுதிப்பட்டது. 1921 மே மாதம், அதே போலோ கிரவுண்ட்ஸில், ரூபன் பெர்மன் என்ற ரசிகர் தன்னிடம் வந்த பந்தைத் திருப்பித் தர மறுத்துக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டார். மைதானத்தை விட்டு வெளியே அனுப்பினார்கள். அவர் அங்கே ஆடிய ஜயன்ட்ஸ் அணி மேல் வழக்குப் போட்டு 100 டாலர் வாங்கினார். என் மகன் அந்தப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கியதற்கு இந்த மனிதரிடம் நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாவது காரணம் காற்று. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு என்று வந்துவிட்டால் காற்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடாது, பந்து ஒரு பக்கம் ஒதுங்கும். கிரிக்கெட்டில் பந்து இயல்பாகத் தேய்ந்து அந்த நிலைக்கு வந்தால் அது கலை, நகத்தாலோ காகிதத்தாலோ கொண்டுவந்தால் குற்றம். பேஸ்பாலில் இயல்பாகக் கீறல் விழுந்தாலும் அந்தப் பந்தை வைத்துக்கொள்ள விடுவதில்லை. 95 மைல் வேகத்தில் 18 மீட்டர் தூரத்தில் வருகிற பந்து எதிர்பாராத விதமாகக் கடைசி நேரத்தில் ஒதுங்கினால் அடிப்பவரின் விலா என்ன ஆகும் என்று யோசித்தால் அந்தக் கண்டிப்பு புரியும். விதியில் மண், ரோசின் என்ற பிசின்தூள், மெழுகு, அதிமதுரம், உப்புத்தாள் என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். 1987 ஆகஸ்டில் மின்னசோட்டா அணியின் பிட்சர் ஜோ நீக்ரோவிடம் பையைக் காட்டச் சொன்னபோது அவர் பைகளைக் கவிழ்க்க, நகம் தேய்க்கும் அட்டை ஒன்று பறந்து விழுந்தது. 10 நாள் தடை. பந்து ஒன்றுக்கு ஒரு கீறல் போதும், கைதேர்ந்த பிட்சருக்கு.

தையலும் இதே கதைதான். 108 இரட்டைத் தையல், எல்லாம் கையால் போடுவது, கோஸ்டாரிகாவில் துரியால்பா என்ற ஊரில் இருக்கும் ராலிங்ஸ் தொழிற்சாலையில். அந்தச் சிவப்பு மேடுதான் பிட்சரின் விரலுக்குப் பிடி, காற்றுக்குத் தடை. 2019-இல் மேஜர் லீக்கில் 6,776 ஹோம் ரன்கள் விழுந்து எல்லோரும் பந்தைச் சந்தேகப்பட்டபோது, இயற்பியல் பேராசிரியர் ஆலன் நேதனும் மற்ற அறிவியலாளர்களும் இருந்த குழு அளந்து பார்த்துச் சொன்னது, பந்து மேல் காற்றின் இழுவை குறைந்திருக்கிறது, தையலின் உயரம் துளியூண்டு மாறியது அதற்கு ஒரு காரணம் என்று. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத அளவு மாற்றம் ஒரு வருடத்தின் ஆட்டத்தையே மாற்றியிருக்கிறது. இதைப் படித்த பிறகுதான் நான் ஊதாரித்தனம் என்ற சொல்லை விட்டேன். பலமாக அடிபட்டு ஒரு பக்கத் தையல் அமுங்கிய பந்தை வைத்துக்கொண்டு நேர்மையாக ஆட முடியாது.

புதுப் பந்தும் அப்படியே ஆட்டத்துக்குப் போவதில்லை என்பது இதில் எனக்குப் பிடித்த பகுதி. பெட்டியிலிருந்து எடுத்த பந்து வழுக்கும். வழுக்கும் பந்து பிட்சர் கையிலிருந்து நழுவினால் மறுபடியும் யார் தலைக்காவது ஆபத்து. அதனால் ஒவ்வொரு பந்திலும் சேறு தேய்க்கிறார்கள், அந்தச் சேறு எங்கள் நியூ ஜெர்ஸிச் சேறு. 1938-இல் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியின் பயிற்சியாளர் லீனா பிளாக்பர்ன், அம்பயர் ஒருவர் வழுக்கும் பந்துகளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதைக் கேட்டு, டெலவர் ஆற்றின் ஒரு கிளையில் இந்தச் சேற்றைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் 30 அணிகளும் அதைத்தான் பூசுகின்றன, எடுக்கும் இடத்தை எடுப்பவர்கள் வெளியே சொல்வதில்லை. 2024-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து, பூசும்போது முகக் கிரீம் போலப் பரவுகிறது, காய்ந்த பிறகு உப்புத்தாள் போலப் பிடிக்கிறது, வெறும் நம்பிக்கை இல்லை, வேலை செய்கிறது என்று எழுதினார்கள். எங்கள் பந்தின் மேல் இருக்கும் லேசான தேநீர் நிறம் அதுதான். தேய்த்தவரின் உள்ளங்கை பட்ட பந்து என்று நினைத்துக்கொண்டு பார்ப்பேன்.

அடியின் உச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2015 முதல் எல்லா மைதானத்திலும் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகத்தை அளக்கிறார்கள், 95 மைலும் அதற்கு மேலும் போனால் அதைப் பலமான அடி என்று கணக்கில் வைப்பார்கள். பிட்ஸ்பர்க் அணியின் ஒனீல் குரூஸ் 2022 ஆகஸ்டில் 122.4 மைல் வேகத்தில் ஒன்று அடித்தார், அது மதில் சுவரில் மோதித் திரும்பி வந்து வெறும் ஒரு பேஸ் அடியாக முடிந்தது. 2025 மே மாதம் அவரே 122.9 மைலில் ஒரு ஹோம் ரன், மைதானத்தைத் தாண்டி அலெகனி ஆற்றுக்குப் போய்விட்டது. மணிக்கு 198 கிலோமீட்டர். அந்த இரண்டு பந்துகளுக்குள்ளும் நூல் என்ன பாடுபட்டிருக்கும்! தோல் அவ்வளவு எளிதில் கழன்றுவிடாது, ஆனால் கழலலாம் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் பந்து பாதி பிரிந்து வந்தாலும் அந்தக் கட்டம் முடியும்வரை அதுதான் பந்து என்று ஒரு வரி வைத்திருக்கிறார்கள். நூல் தொங்கத் தொங்க அதைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிய வேண்டியதுதான்.

எல்லா மாற்றமும் சேதத்தால் வருவதில்லை. 1976-இல் டெட்ராய்ட் அணிக்கு வந்த மார்க் ஃபிட்ரிச் என்ற இளம் பிட்சர், தன்னிடமிருந்து யாராவது ஒரு பந்தை அடித்துவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பந்துக்குள் இன்னொரு அடி பாக்கி இருக்கிறது, பையில் மற்ற பந்துகளோடு சேர்ந்து கிடந்து புத்தி வரட்டும் என்பது அவர் கணக்கு. அவரைப் பார்த்து நாடே சிரித்தது, நேசித்தும்விட்டது. உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று தோலைத் தாண்டி யோசித்த பிட்சர் அவர் ஒருவர்தான் என்று எனக்கு எண்ணம். 2024 செப்டம்பரில் ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓதானியின் அந்த வருடத்து 50-ஆவது ஹோம் ரன் பந்து வேறு மாதிரி ஓய்வு பெற்றது, ஒரே அடியில், ஏலத்தில் 43.9 லட்சம் டாலருக்கு. மற்றவை பேட்டிங் பயிற்சிக்குப் போகின்றன, ரசிகர் கைக்குப் போகின்றன, சில அசல் என்று காட்டும் ஹாலோகிராம் முத்திரை ஒட்டிக் கடைக்கு வருகின்றன, நாங்கள் அறுத்தது போல.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் லீகில் இந்த ஆடம்பரம் எதுவும் கிடையாது. ஆட்டத்துக்கு இரண்டு புதுப் பந்து. அவை அடுத்த வாரம் பயிற்சிப் பந்து, அதற்கடுத்து வலைக்கூண்டில் மெஷினுக்குப் போடும் பந்து. மழை நனைத்து, புல் கறை ஏறி, தையல் அறுந்து, அலுமினிய மட்டையிடம் நூற்றுக்கணக்கில் அடி வாங்கி. மகனின் பயிற்சியாளர் எழுபதை நெருங்குகிறவர், சனிக்கிழமை காலை வாளியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவர் செய்வது அம்பயர் செய்யாத காரியம். இரண்டு கட்டைவிரலாலும் அமுக்குவார். பிறகு கூண்டின் சிமென்ட் தரையில் மெதுவாக உருட்டுவார். நல்ல பந்து நேராகப் போகும். அடி சேர்ந்த பந்து நாலடி போனதும் ஒரு பக்கம் சாயும், கள் குடித்த ஆள் மாதிரி. மகன் இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டுகிறான், சாய்வதைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டுகிறான்.

போன வாரம் தேறாதவை ஐந்து. அதில் ஒன்றின் தோல் தையலோரம் மூன்று விரல் நீளத்துக்கு வாயைத் திறந்து, உள்ளே சாம்பல் நூல் தெரிந்தது. எறியப் போனவரிடம் கேட்டு அதை வாங்கி வந்திருக்கிறான். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இழுத்து இழுத்து முழுக்கச் சுற்றிவிட்டான். பின்பக்கத் தோட்டத்தில் சாயங்காலம் நான் எறிகிறேன், அவன் அடிக்கிறான். மட்டையில் பட்டால் 'டக்' என்று வருவதில்லை, தலையணையைத் தட்டின மாதிரி 'தொப்' என்று வருகிறது. வேலிக்கு இந்தப் பக்கமே விழுந்துவிடுகிறது.